வண்டிக்குள் பேச்சு பிறந்த கதை

ஜனவரி மாதம். மழை ஓய்ந்து பனி இறங்கியிருந்தது. மாமல்லபுரத்தில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு திரும்பிக்கொண்டிருந்தோம். வேதகிரி மலை கண்ணில் படும் இடத்தில் மீட்டர் போர்டு விளக்குகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எரிந்தன. வேகம் காட்டும் முள் பூஜ்யத்தில் விழுந்தது. ஸ்டியரிங் கனத்தது. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஓரம் கட்டி, சாவியை அணைத்துப் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. இரண்டு கிலோமீட்டர் போனதும் மறுபடி அதே கதை.

மறுநாள் ஒரு சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்கள். இன்ஜின், ஸ்டியரிங், மீட்டர் போர்டு மூன்றும் ஒரே பழுதுக் கோடைச் சொல்லின: யு0121. ஏபிஎஸ் மாட்யூலோடு தொடர்பு இல்லை என்று அதற்குப் பொருள். "ஏபிஎஸ் மாட்யூல் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை என் ஒரு மாத வருமானத்தைத் தாண்டியது.

மனம் ஒப்பாமல் செங்கல்பட்டில் தெரிந்த ஒரு எலெக்ட்ரீஷியனிடம் போனேன். அறுபது வயதைத் தாண்டியவர். ஒரு தகரக் கொட்டகைதான் அவருடைய பட்டறை.

"மாட்யூல மாத்தச் சொல்றாங்கண்ணே."

"சொல்லட்டும். கம்பிய அளந்தாங்களா?"

பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் 16 பின் சாக்கெட்டில் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தார். என்னிடம் மீட்டரைக் கொடுத்துவிட்டு பானெட்டைத் திறந்து வயரிங்கை ஒவ்வொரு இடமாகப் பிடித்து அசைத்தார். ஏபிஎஸ் கனெக்டரில் அவர் கை பட்டபோது மீட்டரில் எண் தாவியது. 60, 120, மறுபடி 60. கனெக்டரைக் கழற்றினார். உள்ளே இரண்டு பின்களில் பச்சையாகக் களிம்பு. கடற்கரைப் பக்கம் ஓடிய வண்டி என்று அவரே சொல்லிவிட்டார். சுத்தம் செய்து, பின்களை இறுக்கிப் பூட்டினார். மீட்டரில் 60 அசையாமல் நின்றது. "அறுபது இருந்தா வூடு நல்லா இருக்குன்னு அர்த்தம் சார்" என்றார்.

அந்த அறுபது எங்கிருந்து வந்தது? யார் முடிவு செய்தது? அதைத் தேடிப் போனபோதுதான், ஒரு வண்டிக்குள் இருக்கும் மாட்யூல் என்னும் மின்னணுப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிய கதை தெரிந்தது.

ஒரு காலத்தில் காருக்குள் பேச்சே கிடையாது. ஒரு சுவிட்சுக்கு ஒரு கம்பி, ஒரு விளக்குக்கு ஒரு கம்பி. 1978-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் மின்னணு ஏபிஎஸ் பிரேக்கை மெர்சிடிஸ் காரில் கொண்டுவந்தது. இன்ஜினுக்கு எரிபொருளை அளந்து விடவும் மின்னணுப் பெட்டி வந்தது. இரண்டும் தனித்தனியே தத்தம் வேலையைப் பார்த்தன. அடுத்த ஆசை அதோடு நிற்கவில்லை. ஈரத் தரையில் சக்கரம் வழுக்கிச் சுழலும்போது இன்ஜினின் வேகத்தைக் குறைக்க வேண்டும். சக்கரம் வழுக்குவது ஏபிஎஸ் பெட்டிக்குத் தெரியும். வேகத்தைக் குறைப்பது இன்ஜின் பெட்டியின் கையில் இருக்கிறது. இது சொல்ல வேண்டும், அது உடனே கேட்க வேண்டும்.

1980-களின் தொடக்கத்தில் பாஷ் பொறியாளர்கள் அன்று கிடைத்த தகவல் தொடர்பு முறைகளையெல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். எதுவும் காருக்குப் பொருந்தவில்லை. ஒரு தலைமைப் பெட்டி கேட்டால் மற்றவை பதில் சொல்லும் முறை ஒன்று இருந்தது. தலைமை படுத்துவிட்டால் எல்லாமே ஊமையாகிவிடும். 1983-இல் உவே கீன்கே என்ற பொறியாளர் புதிதாக ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். மெர்சிடிஸ் பென்ஸ் பொறியாளர்களும் சிப் செய்யும் இன்டெல் நிறுவனமும் ஆரம்பத்திலேயே கூடச் சேர்ந்துகொண்டார்கள். ஆலோசகராக வந்த பேராசிரியர் வோல்ஃப்ஹார்ட் லாரன்ஸ் அதற்கு வைத்த பெயர் கன்ட்ரோலர் ஏரியா நெட்வொர்க். சுருக்கமாகக் கேன். இன்று பட்டறைகளில் 'கேன் லைன்' என்று சொல்லப்படுவது அதுதான். கம்பியின் எடையைக் குறைக்கத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள் என்று பலர் எழுதுவார்கள். உண்மையில் நோக்கம் பெட்டிகளைப் பேச வைப்பது. கம்பி குறைந்தது கூடவே கிடைத்த லாபம்.

அந்தப் பேச்சின் முறையைப் புரிந்துகொள்ள நம் ஊர்த் தண்டோராவை நினைத்துக்கொள்ளலாம். தண்டோரா போடுபவர் யார் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'நாளைக்கு ஏரி மதகு திறக்கிறார்கள்' என்று செய்தியைச் சொல்லிவிட்டுப் போவார். கழனி உள்ளவன் காது கொடுப்பான், மற்றவன் தன் வேலையைப் பார்ப்பான். கேன் லைனிலும் செய்திக்கு முகவரி கிடையாது. 'இது இன்ஜின் வேகம்', 'இது சக்கர வேகம்' என்று ஒரு தலைப்பு எண் மட்டும் இருக்கும். அடிப்படை வடிவத்தில் அந்த எண்ணின் நீளம் 11 பிட். அதன் பின்னால் அதிகபட்சம் 8 பைட் தகவல். தேவைப்படும் பெட்டி எடுத்துக்கொள்ளும். ஏபிஎஸ் சொல்லும் ஒரே சக்கர வேகத்தை மீட்டர் போர்டு முள்ளை நகர்த்த எடுத்துக்கொள்கிறது, ஸ்டியரிங் தன் பலத்தை முடிவு செய்ய எடுத்துக்கொள்கிறது. என் வண்டியில் ஏபிஎஸ்ஸின் குரல் அறுந்தபோது முள் விழுந்ததும் ஸ்டியரிங் கனத்ததும் இதனால்தான்.

எல்லாப் பெட்டிகளும் ஒரே லைனில் இருந்தால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் என்ன ஆகும்? கேனின் மிக அழகான பகுதி இங்கேதான் இருக்கிறது. பூஜ்யம் என்ற பிட்டுக்கு அந்த லைனில் மேலோங்கும் குணம் உண்டு. ஒன்று என்ற பிட்டுக்கு ஒதுங்கும் குணம். பேசும் ஒவ்வொரு பெட்டியும் தான் சொல்வதைத் தானே கேட்டுக்கொண்டும் இருக்கும். 'நான் ஒன்று என்றேன், லைனில் பூஜ்யம் கேட்கிறதே' என்று உணர்ந்த நொடியில், தன்னைவிட அவசரமான செய்தி போகிறது என்று புரிந்துகொண்டு அது வாயை மூடிக்கொள்ளும். சிறிய தலைப்பு எண் கொண்ட செய்தி ஒரு பிட்கூடச் சிதையாமல் போய்விடும். ஒதுங்கியது அடுத்த இடைவெளியில் பேசும். நொடிக்கு 5 லட்சம் பிட் வேகத்தில் ஓடும் லைனில், ஒரு முழுச் செய்தி போக நொடியின் நாலாயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும்.

இந்தப் பேச்சுக்கு வேண்டிய கம்பிகள் இரண்டே இரண்டு. ஒன்றோடொன்று முறுக்கிப் பின்னியிருக்கும். லைன் சும்மா இருக்கும்போது இரண்டிலும் சுமார் 2.5 வோல்ட். பூஜ்யம் சொல்லும்போது ஒன்று 3.5 ஆக ஏறும், மற்றது 1.5 ஆக இறங்கும். கேட்பவர்கள் பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே. இன்ஜினின் இரைச்சல் மின் அலையாக வந்து மோதினாலும், பின்னிய கம்பிகள் இரண்டையும் ஒரே அளவில் தள்ளும். வித்தியாசம் மாறாது, பேச்சு கெடாது.

அறுபதின் பிறப்பும் இந்தக் கம்பியில்தான். வேகமாக ஓடும் மின் அலை கம்பியின் முனையில் மோதித் திரும்பி வந்து எதிரொலியாகக் குழப்பும். அதைத் தடுக்க, கம்பியின் இயல்புக்குச் சமமான ஒரு தடையை முனையில் வைத்து அலையை விழுங்கச் செய்ய வேண்டும். இந்தக் கம்பிக்கு அது 120 ஓம். இரண்டு முனைக்கு இரண்டு தடை. 120-உம் 120-உம் பக்கவாட்டில் இணைந்தால் அளவு பாதியாகி 60 வரும். முனைத் தடைகளில் ஒன்று சில வண்டிகளில் ஏபிஎஸ் மாட்யூலுக்கு உள்ளேயே இருக்கும். என் வண்டி அந்த வகை. களிம்பு ஏறிய பின் தொடர்பை விட்டபோதெல்லாம் ஒரு தடை கணக்கிலிருந்து கழன்றுபோனது, மீட்டர் 120 காட்டியது. மாட்யூல் நல்லபடியாகவே இருந்தது. அதன் குரல்தான் வெளியே வரவில்லை.

பேச்சை உருவாக்கியவர்கள் அதோடு நிற்கவில்லை. பழுதைக் கண்டுபிடிக்கும் அறிவையும் கூடவே வைத்தார்கள். ஒவ்வொரு செய்தியின் வாலிலும் சரிபார்க்கும் எண் ஒன்று உண்டு. கேட்கும் பெட்டிகளில் ஒன்றுக்குக் கணக்கு ஒத்துவராவிட்டால்கூட ஆறு பூஜ்யங்களைத் தொடர்ந்து அடித்து, 'இந்தச் செய்தி செல்லாது' என்று எல்லாருக்கும் அறிவிக்கும். சொன்ன பெட்டி திரும்பச் சொல்லும். அதோடு ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு தவறுக் கணக்கு ஓடுகிறது. தன் பேச்சு ஒரு தடவை தவறினால் கணக்கு 8 ஏறும். ஒரு தடவை சரியாகச் சொன்னால் 1 இறங்கும். கணக்கு 127-ஐத் தாண்டினால் அந்தப் பெட்டி மற்றவர் செய்தியைத் தடுக்கும் உரிமையை இழந்து அடக்கமாகிவிடும். 255-ஐத் தாண்டினால் லைனை விட்டே விலகி நிற்கும். ஒருவன் கெட்டதால் ஊரே கெடக் கூடாது என்ற நியாயத்தை 1980-களில் ஒரு மின்கம்பிக்குள் எழுதிவைத்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் மேல் மதிப்பு கூடுகிறது.

1986 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்த வாகனப் பொறியாளர் மாநாட்டில் கீன்கே, சீக்ஃப்ரீட் டைஸ், மார்ட்டின் லிட்ஷெல் ஆகியோரின் கட்டுரையோடு கேன் உலகுக்கு அறிமுகமானது. 1987-இல் இன்டெல் முதல் சிப்பைத் தந்தது. பின்லாந்தில் லிப்ட் செய்தவர்கள், நெசவு எந்திரம் செய்தவர்கள், மருத்துவக் கருவி செய்தவர்கள் என்று வெளித் துறைக்காரர்களும் ஆரம்பக் காலத்திலேயே அதை எடுத்துக்கொண்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் தன் பெரிய கார்களில் அதைப் பூட்டியது. 1993-இல் ஐஎஸ்ஓ 11898 என்ற சர்வதேசத் தரமாகப் பதிவானது.

பழுது பார்க்கும் வாசல் வேறொரு ஊரில், வேறொரு காரணத்துக்காகத் திறந்தது. கலிபோர்னியாவின் காற்று புகையால் கெட்டுப்போனது. காரின் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் பழுதானால் காரே தன் ஓட்டுநரிடம் சொல்ல வேண்டும் என்று அந்த மாநிலக் காற்று வாரியம் விதித்தது. 1988 மாடல் கார்களிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு சாக்கெட், ஒவ்வொரு மொழி. 1996 மாடலிலிருந்து அமெரிக்கா முழுவதும் ஒரே 16 பின் சாக்கெட், ஒரே கோடு மொழி என்று ஆனது. கோடின் முதல் எழுத்து பி என்றால் இன்ஜின், கியர் பக்கம். சி என்றால் சேஸிஸ். பாடிக்கு வேறொரு எழுத்து. யு என்றால் பெட்டிகளுக்கு இடையே உள்ள பேச்சு. அந்த சாக்கெட்டின் 6-ஆவது பின்னும் 14-ஆவது பின்னும் கேன் லைனுக்கு. 2008 மாடலிலிருந்து அமெரிக்காவில் எல்லாக் கார்களும் இந்தச் சோதனைக்குக் கேனிலேயே பதில் சொல்ல வேண்டும் என்று ஆயிற்று. இந்தியாவில் கார் தன் பழுதைத் தானே சொல்லும் இந்த விதி, பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு 2010 ஏப்ரலில் முதற்கட்டமாகவும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமாகவும் வந்தது. பெரியவர் மல்டிமீட்டர் முனைகளை வைத்தது அந்த 6-லும் 14-லும்தான்.

இந்தக் கதைக்கும் செங்கல்பட்டு மண்ணுக்கும் உறவு நெருக்கமானது. மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் 1999-இல் ஐகான் கார் பிறந்தது. அந்த ஆலையின் உற்பத்தி 2022-இல் நின்றது. செங்கல்பட்டை ஒட்டிய மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பிஎம்டபிள்யூ கார்கள் உருவாகின்றன. அங்கேயே மகிந்திராவின் ஆராய்ச்சி மையமும் ரெனோ நிசான் தொழில்நுட்ப மையமும் இருக்கின்றன. எந்தப் பெட்டி எதோடு பேச வேண்டும், எந்தச் செய்திக்கு எந்த எண் என்று முடிவு செய்வது போன்ற வேலைகள் நடப்பது ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில். அந்தப் பேச்சு அறுந்தால் அதைத் தைக்கும் வேலை சில கிலோமீட்டர் தள்ளி ஒரு தகரக் கொட்டகையில் நடக்கிறது. இரண்டு இடத்தாரும் ஒருவரையொருவர் சந்திப்பதே இல்லை.

கடற்கரை இந்தக் கம்பிக்கு எதிரி. கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் வரைக்கும் வீசும் உப்புக் காற்று எதையும் விடுவதில்லை. 8-ஆம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய கடற்கரைக் கோயிலின் கருங்கல் சிற்பங்களே அந்தக் காற்றில் முகம் தேய்ந்திருக்கின்றன. தொல்லியல் துறையினர் காகிதக் கூழை ஈரமாகப் பூசி, கல்லுக்குள் ஏறிய உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். கல்லுக்கே இந்தக் கதி என்றால் மெல்லிய செம்புக் கம்பி என்ன செய்யும்? சைவ சித்தாந்தம் உயிரையும் ஆணவத்தையும் விளக்கக் கையாளும் உவமை செம்பும் களிம்பும். களிம்பு வெளியிலிருந்து ஒட்டியதுபோல் தெரியாது, செம்போடு சேர்ந்தே இருக்கும். வயரிலும் அப்படித்தான். பிளாஸ்டிக் உறைக்குள் நுனியில் ஏறிய உப்பு நீர், திரியில் எண்ணெய் ஏறுவதுபோலக் கம்பியின் உள்ளேயே நகர்ந்துபோகும். வெளியே பார்த்தால் வயர் புதிதாக இருக்கும், உள்ளே பச்சையாகப் பொடிந்திருக்கும். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் தெருவில் நின்ற எத்தனையோ வண்டிகளுக்குள் தண்ணீரை விட்டன. கார்ப்பெட் காய்ந்துவிட்டது என்று ஓட்டத் தொடங்கியவர்களுக்கு, அடியில் இருந்த கனெக்டர்கள் மாதங்கள் கழித்துக் கணக்குக் காட்டும். இவற்றோடு வயரைக் கடிக்கும் எலியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே யு கோடை எப்படிப் படிப்பது? நான் இந்தத் தேடலில் கற்ற ஒரே பாடம் இதுதான்: யு கோடு சொல்வது குற்றவாளியின் பெயரை அல்ல, யாருடைய குரல் கேட்கவில்லை என்பதை. பக்கத்து வீட்டுக்காரர் 'அவர் வரவில்லை' என்று சொன்னால், அவருக்கு உடம்பு சரியில்லை என்று ஆகிவிடாது. தெருவில் தண்ணீர் தேங்கியிருக்கலாம், கதவு சிக்கியிருக்கலாம். யு0100 என்றால் இன்ஜின் பெட்டியின் குரல் கேட்கவில்லை. பெட்டி செத்திருக்கலாம். அதைவிட அதிகமாக, அதன் ஃபியூஸ் போயிருக்கலாம், பாடி எர்த் துருப்பிடித்திருக்கலாம், பேட்டரி இறங்கியிருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம்.

அதனால் நல்ல எலெக்ட்ரீஷியன் ஒரு வரிசை வைத்திருப்பார். எல்லாப் பெட்டிகளின் கோடுகளையும் எடுத்து, யார் யாரைப் பற்றிப் புகார் சொல்கிறார்கள் என்று எழுதுவார். எல்லாரும் ஒருவரையே சொன்னால் அந்தப் பெட்டியின் கரண்ட், எர்த், கனெக்டர் பக்கம் போவார். எல்லாரும் எல்லாரையும் சொன்னால் பொது லைனைப் பார்ப்பார். பேட்டரியைக் கழற்றி 6-க்கும் 14-க்கும் நடுவே அளப்பார். 60 இருந்தால் இரண்டு முனையும் சுகம். 120 என்றால் ஒரு முனை கழன்றிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு கம்பியும் எங்கோ ஷார்ட். பிறகு பேட்டரியை மாட்டி, சாவியைப் போட்டு வோல்ட் பார்ப்பார். இரண்டும் இரண்டரையை ஒட்டி, ஒன்று சற்று மேலும் ஒன்று சற்றுக் கீழும் இருக்க வேண்டும். லைன் முழுவதும் ஊமை என்றால் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். எதைக் கழற்றியதும் மற்றவை பேசத் தொடங்குகின்றனவோ, பழுது அந்தப் பெட்டியிலோ அதற்குப் போகும் கம்பியிலோ இருக்கிறது. சில புது வண்டிகளில் சாக்கெட்டுக்கும் உள் லைன்களுக்கும் நடுவே கேட்வே என்ற காவல் பெட்டி நிற்கும். அங்கே சாக்கெட்டில் அளப்பது உள் லைனைக் காட்டாது. வயரிங் படத்தைப் பார்த்து உள்ளே போய் அளக்க வேண்டும். எந்த வண்டியானாலும் பெட்டியை மாற்றுவது வரிசையில் கடைசி.

2012-இல் பாஷ் கேன் எஃப்டி என்ற வேகமான வாரிசை அறிவித்தது. அதில் ஒரு செய்திக்கு 64 பைட் இடம். மின்சாரக் கார்களில் பேட்டரி, மோட்டார், சார்ஜர் என்று பேச வேண்டியவர்கள் பெருகிவிட்டார்கள். பேச்சு பெருகப் பெருக அறுந்துபோகும் இடங்களும் பெருகும். இந்தக் கடலோரத்தில் அது இன்னும் அதிகம். ஆகவே நம் தொழிற்பயிற்சி நிலையங்களில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஸ்கேனருக்கு முன்னால் மல்டிமீட்டரைக் கொடுங்கள். கோடு என்ன சொல்கிறது என்பதோடு, அது என்ன சொல்லவில்லை என்பதையும் கற்றுக்கொடுங்கள். அறிந்த முதியவர்கள் பட்டறைகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையை நிற்க வையுங்கள்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை 'மாட்யூல் போயிடுச்சு, மாத்தணும்' என்று யாராவது சொன்னால், பணத்தை எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அறுபது இருக்கான்னு அளந்து பாத்தீங்களா?"